எங்கிட்டயும் வரி வாங்குங்க

எங்க வாப்பா ஒசா. குமரி மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல் புரியாது. முஸ்லிம்களுக்கு முடி வெட்டுகிறவர், பையன்களுக்கு சுன்னத் செய்கிறவர், கல்யாண மாப்பிள்ளைக்கு முகம் மழிக்கிறவர் ஒசா. பேறு பார்க்கப் போகிற அவர் பெண்டாட்டி ஒசாத்தி. எங்க உம்மா கை படாமல் பிறந்த மொதலாளி வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் எங்க ஊரில் கொஞ்சம்தான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அவளை ‘ஏ ஒசாத்தி’ என்று கூப்பிட்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழுகை வரிசையில் எங்களை யாரும் பின்னால் போகச் சொன்னதில்லை. மொதலாளி தோளும் வாப்பா தோளும் ஒட்டித்தான் நின்றன. கபர்ஸ்தானிலும் எங்களுக்குத் தனி மூலை கிடையாது. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சனங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சலாம் கொடுத்து வரிசை கலைந்த பிறகுதான் எங்க கதை ஆரம்பிக்கும். கலைந்ததும் வாப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

எங்க ஊரில் ஒவ்வொரு தலைக்கட்டும் ஜமாஅத்துக்கு மாச வரி கொடுக்க வேண்டும். வரிப்புத்தகத்தில் பேர் இருந்தால்தான் பொதுக்குழுவில் உட்காரலாம், ஓட்டுப் போடலாம். எங்ககிட்ட வரி வாங்குவதில்லை. “பாவம், ஊருக்கு ஊழியம் செய்யான். அவன்கிட்ட என்ன வரி?” என்பார்கள். கேட்கிறதுக்கு இரக்கமாத்தான் இருக்கும். சின்ன வயசில் நானும் அது சலுகை என்றே நினைத்தேன். வரி இல்லை என்றால் வாயும் இல்லை என்பது புரிய நாளாச்சு.

1981 பிப்ரவரியில் அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு வந்தன. எனக்கு அப்போ பதினோரு வயசு. எங்க பள்ளியில் ஜும்ஆ பயானில் ஆலிம்சா அழுதுகொண்டே பேசினார். இஸ்லாத்தில் சாதி இல்லை, அதனால்தான் வந்தார்கள் என்றார். புது முஸ்லிம்களுக்காகத் துண்டு விரித்து வசூல் செய்தார்கள். வாப்பா அஞ்சு ரூபாய் போட்டார். அஞ்சு ரூபாய் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய காசு. யாரும் ‘பாவம், ஒசான்கிட்ட வாங்காண்டாம்’ என்று சொல்லவில்லை. சாதி இல்லை என்று ஊருக்குச் சொல்வதற்கு ஒசானுடைய காசும் செல்லும்.

எண்பதுகளின் கடைசியில் எங்க பக்கம் தவ்ஹீத் பேச்சாளர்கள் வந்தார்கள். எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்கச் சொன்னார்கள். தர்கா, தாயத்து, வரதட்சணை எல்லாத்தையும் கேள்வி கேட்டார்கள். குர்ஆனையும் ஹதீஸையும் தமிழில் நாங்களே படிக்கலாம் என்றார்கள். நான் கேள்வி கேட்கப் படித்தது அங்கேதான், அதை மறைக்க மாட்டேன். ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் கண்ணில் பட்டது. அபூஹிந்த் என்று ஒருத்தர். நபிகளுக்கு ரத்தம் குத்தி எடுத்தவர், அதுதான் அவர் தொழில். எங்க பாட்டன் செய்த தொழில். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா குலத்தாரிடம் நபிகள் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம். என்னோடு சேர்ந்து ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்ட கூட்டாளி ஒருத்தன் இருந்தான். வரதட்சணை வாங்க மாட்டேன் என்று மேடையில் சத்தியம் செய்தவன். அவனிடமே கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கு ஒண்ணுமில்ல மக்கா. உம்மாவும் காக்காமாரும் சம்மதிக்க மாட்டாவ” என்றான். வீட்டாரை எதிர்த்து தர்காவுக்குப் போகாமல் இருந்தவனுக்கு, வீட்டாரை எதிர்த்து ஒரு ஒசான் வீட்டில் பெண் எடுக்க முடியவில்லை.

ஆலிம்சாவிடம் போனேன். நல்ல மனுஷர். அவர் ‘குஃபு’ என்று ஒரு வார்த்தை சொன்னார். கல்யாணப் பொருத்தம். பழைய ஃபிக்ஹ் நூல்களில் தொழிலும் அதில் ஒரு கணக்கு. தெருக் கூட்டுகிறவரும் ரத்தம் குத்தி எடுக்கிறவரும் தையற்காரர் மகளுக்குச் சமமில்லை, தையற்காரர் வியாபாரி மகளுக்குச் சமமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். “அப்ப அபூஹிந்த்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வாப்பாட்ட சலாம் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

1993 ஜனவரியில் நான் ஆசிரியர் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கினேன். வரிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஜமாஅத் ஆபீசுக்குப் போனேன். எங்கிட்டயும் வரி வாங்குங்க, பேரை எழுதுங்க என்றேன். பாபர் மசூதியை இடித்து ஒரு மாசம் ஆகியிருந்தது. செயலாளர் சொன்னார்: “சமுதாயமே கண்ணீர்ல கெடக்கு. இப்ப இது பேசுத நேரமாடே?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

1998ல் மறுபடியும் கேட்டேன். 1997 நவம்பரில் கோவையில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். 1998 பிப்ரவரியில் அங்கே குண்டுகள் வெடித்துச் சம்பந்தமில்லாத சனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு தாடி வைத்த பையன்களை எல்லாம் போலீஸ் தேடியது. “இப்ப நேரமில்ல.” இந்தத் தடவை நேரில் கேட்காமல் மணியார்டர் அனுப்பியிருந்தேன். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாப்பா அந்த ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எதுக்குலே மக்களே இதெல்லாம். நாளைக்கு நான் மையத்தானா நாலு பேர் தூக்க வரணும்லா” என்றார். 2004ல் மௌத்தானார். நாலு பேர் என்ன, ஊரே தூக்க வந்தது. வரிப்புத்தகத்தில் மட்டும் அவர் பேர் வரவேயில்லை.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. எங்க பையன்கள் அம்பேத்கர் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். நானும் நின்றேன். மனசு பொங்கியது. அந்தச் சூட்டில் ஒரு கூட்டத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்டேன். அம்பேத்கர் படத்தைப் பிடித்திருந்த தம்பி ஒருத்தன் சொன்னான்: “காக்கா, இப்பப் போயி ஒசாமார் பிரச்சினையா?”

படத்திலிருக்கிறவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அவனுக்குச் சொன்னேன். 1940களில் பாகிஸ்தான் கோரிக்கை பற்றி எழுதிய நூலில், 1901 வங்காள மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைக்கிறார் அம்பேத்கர். அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸல் என்று முஸ்லிம்களுக்குள் மூன்று அடுக்கு. கடைசி அடுக்குக்குப் பள்ளிவாசலும் இல்லை, பொது கபர்ஸ்தானும் இல்லை என்று அந்தக் கணக்கில் இருக்கிறது. முஸ்லிம்கள் ஏன் உள்ளே சீர்திருத்தம் பேசுவதில்லை என்றும் கேட்கிறார். பெரும்பான்மையோடு ஓயாத போட்டியில் இருக்கிறவர்கள், உள்வீட்டுச் சண்டை பலவீனப்படுத்தும் என்று தள்ளிப் போடுகிறார்கள் என்கிறார். அந்த நூலில் முஸ்லிம்களைப் பற்றி அவர் சொல்கிற எல்லாத்தையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த ஒன்று, எங்க ஜமாஅத் ஆபீசில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. பீகாரில் அலி அன்வர் 1998ல் பஸ்மாந்தா முஸ்லிம் மஹாஸ் தொடங்கினார். பஸ்மாந்தா என்றால் பின்னால் விடப்பட்டவர்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா, பெண்களே இல்லாத ஜமாஅத் பெண்களின் தலாக் வழக்கை எப்படித் தீர்க்கலாம் என்று கேட்டுப் பெண்கள் ஜமாஅத் அமைத்தார். எங்க மாவட்டத்துக் கவிஞர் எச்.ஜி. ரசூல், குடியும் இஸ்லாமும் பற்றி ஒரு கட்டுரை எழுதியதற்காக 2007ல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக்கைக் கடவுள் மறுப்புக்காகக் கொன்றே போட்டார்கள். நான் கடவுளை மறுக்கிறவன் இல்லை, அஞ்சு வேளை தொழுகிறவன். ஆனாலும் அவனுடைய ரத்தத்துக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன் என்று நினைக்கிறேன்.

‘நீ பேசினால் சங் பரிவார் எடுத்துக்கொள்வான்’ என்பார்கள். நான் பேசவே இல்லையே, ஆனாலும் எடுத்துக்கொண்டானே? 2022லிருந்து பா.ஜ.க. பஸ்மாந்தா முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகிறது. எங்க பட்டினியை நாங்க சொல்லாமல் மறைத்தால், வேறு எவனாவது அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பான். ஒசான் வீட்டை அவன் இடிக்க வரும்போது சாதி கேட்டா இடிப்பான்?

இன்னொரு வேடிக்கை. 1950 ஜனாதிபதி ஆணைப்படி தலித் முஸ்லிமுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் கொடுத்தார்கள், முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் இன்றுவரை இல்லை. இதை எதிர்த்து எங்க தலைவர்கள் மேடையில் பேசுகிறார்கள். நியாயமான கோரிக்கை, நானும் கை தட்டுகிறேன். டெல்லியில் ‘எங்களுக்குள் தலித் உண்டு’ என்று மனு கொடுக்கிறவர்கள், ஊருக்கு வந்து ‘எங்களுக்குள் சாதியே இல்லை’ என்கிறார்கள். என் சாதிச் சான்றிதழில் நான் லெப்பை. 2007ல் வந்த 3.5 சதவீத ஒதுக்கீட்டில் மொதலாளி மகனும் என் மகனும் ஒரே வரிசை. தாசில்தார் ஆபீசில் கிடைத்த சமத்துவத்தை ஜமாஅத் ஆபீசில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியைப் புதுசாகக் கட்டினார்கள். துபாயில் இருக்கிற என் காக்கா மகன் இருபத்தஞ்சாயிரம் அனுப்பினான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். வாசலில் பளிங்குக் கல்லில் அவன் பேரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் பேர் இருக்கிறது, வரிப்புத்தகத்தில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். செயலாளர் புதுசு, எங்கிட்டப் படித்த பையன். எழுந்து நின்று “வாங்க சார்” என்றான். இந்த வருசத்து வரியை மேசையில் வைத்தேன். எனக்கு மட்டுமல்ல, ஊரில் இருக்கிற ஒன்பது ஒசா தலைக்கட்டுக்கும். அவன் பணத்தை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. “சார், கமிட்டில பேசிட்டுச் சொல்லுதேன்” என்றான்.

“நேரம் பாக்காதப்பா” என்று சொல்லிவிட்டுப் பணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னும் ரசீது வரவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.