கணக்கு எழுதும் டெஸ்ட் பெட்டி

எனக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். என்னையும் மைக்ரோகன்ட்ரோலர் பற்றி எழுத வைத்துவிட்டார், லிங்கராஜபுரத்தில் எங்கள் கீழ் போர்ஷனில் இருக்கும் வேலூர்த் தம்பி. டிப்ளமா படித்தவர். டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் போர்டுகளை வீட்டிலேயே செய்து விற்கிறார்.

செய்வதைவிட டெஸ்ட் பண்ணுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. ஒவ்வொரு சிப்பிலும் புரோகிராம் ஏற்ற வேண்டும், வோல்டேஜ் பார்க்க வேண்டும், ரிலே 'டிக்' என்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். "நாப்பதாவது போர்டு வரும்போது காதே மரத்துப் போகுது சார்" என்பார். ஒருமுறை கடைக்காரர் சில போர்டுகளைத் திருப்பி அனுப்பியதோடு, மொத்த லாட்டுக்கும் பணத்தை நிறுத்திவிட்டார். டெஸ்ட் பண்ணித்தான் கொடுத்தேன் என்கிறார் இவர். அதுக்கு என்ன அத்தாட்சி என்கிறார் அவர். வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் இருந்தது.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே லட்சக்கணக்கில் மெஷின் வைத்திருப்பார்கள். தம்பி வாங்கியது யூஎஸ்பிஏஎஸ்பி என்ற சின்ன புரோகிராமர். தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து, வரைபடத்தைப் பொதுவில் வைத்துவிட்டார். ஒரு ஏடிமெகா சிப்பும் கொஞ்சம் உதிரிகளும்தான், எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருள் இலவசம். ஒரே வரிக் கட்டளையில் புரோகிராமை ஏற்றி, திரும்பப் படித்து, ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் பிழை எண் கொடுக்கும்.

வோல்டேஜ் பார்க்க எக்ஸ்பைஸ் என்ற கருவி. டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், மாணவர்களின் இயற்பியல் சோதனைகளுக்காக உருவாக்கியது. பைத்தான் மொழியில் கட்டளை கொடுத்தால் அளந்து சொல்லும், சிக்னலும் அனுப்பும்.

இரண்டையும் சேர்த்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். சப்ளை சரியா பார், புரோகிராம் ஏற்று, டேங்க் நிரம்பியது போல சிக்னல் கொடு, ரிலே விட்டதா பார். கடைசியில் சீரியல் நம்பர், நேரம், அளவுகள் எல்லாம் ஒரு ஃபைலில் ஒரு வரியாக ஏறிவிடும். ஒரு படியில் தவறினாலும் அந்த போர்டு தனியே போய்விடும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். பேங்கில் எவ்வளவு நம்பிக்கையான கேஷியராக இருந்தாலும் சாயங்காலம் கணக்கு டாலி ஆகியே தீர வேண்டும். அது சந்தேகம் இல்லை, அவருக்கே பாதுகாப்பு.

அடுத்த லாட்டோடு அந்தப் பட்டியலும் கடைக்குப் போனது. அதில் ஒரு போர்டு திரும்பி வந்தது. பட்டியலைப் பார்த்தால் போகும்போது நன்றாக இருந்திருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே மழைத் தண்ணீர். சத்தம் போடாமல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இப்போது தம்பி, நனையாத பெட்டி தேடி அலைகிறார். நாம் கேட்காத கேள்விக்கு ஸ்கிரிப்ட் பதில் சொல்லாதே :-)

உங்கள் வீட்டிலும் இப்படி போர்டும் ஒயருமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருந்தால், டெஸ்ட் பண்ணியாச்சா என்று கேட்பதோடு, எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்றும் கேளுங்கள்.