லேபிள் உரிந்த தட்டு

பழைய இசைத்தட்டைக் கையில் எடுத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைத்தான். புனலுக்குள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாய், படத்தின் பெயர், பாடியவர் பெயர். மைக் செட் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த எனக்கும் அதே பழக்கம்தான். லேபிளுக்குச் சற்று வெளியே, பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றும் இடத்தில் ஒரு வழவழப்பான வளையம் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் நகத்தால் கீறியதுபோல ஓர் எண் தெரியும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். லேபிள் போய்விட்ட தட்டுக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர். திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் 1 டோல்கேட்டில் திரும்பித் துறையூர் சாலையில் வந்தால் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும். பொன்னி அரிசிக்குப் பெயர்போன ஊர். பெரியப்பா இங்கேதான் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சமயபுரம் பூச்சொரிதல் என்று வருஷம் முழுக்க வேலை. விடியற்காலையில் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம், அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊருக்கும் சேர்த்துப் பாடும்.

பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடுகிற பாட்டு என்று தெரிந்தால் ஒரே தட்டை இரண்டாக வாங்கிவிடுவார். மைக் செட் முள் கனமானது. ஒரு முகூர்த்த சீசன் தாங்கினாலே பெரிது. அந்த இரட்டைத் தட்டுகள் இத்தனை வருஷம் கழித்து எனக்கு உதவும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவர் காலமான பிறகு பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். மழை ஒழுகி, கரையான் புகுந்து, பாதி உறைகள் மண்ணாகியிருந்தன. ஏழு அங்குலத் தட்டுகளில் நான்குக்கு லேபிள் சுத்தமாக இல்லை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"டேய், அதுல ஒண்ணு எங்கப்பா பாடுனது. நானும் பாடியிருக்கேன். அதைத் தேடித் தராம பெட்டியைத் தூக்குன, பாரு."

அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. தாத்தா மார்கழியில் தெரு பஜனை நடத்தியவர். அறுபதுகளின் கடைசியில் ஒரு நெல் மண்டிக்காரர், மகள் கல்யாணத்துக்கு இந்த பஜனை கோஷ்டியைப் பாடவைத்துத் தட்டுப் போட்டு, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாராம். அப்போது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. "தட்டுல வர்றதுக்கு நீ என்ன பி.சுசீலாவா?" என்று பெரியப்பாவே கடைசிவரை கேலி செய்துகொண்டிருந்தார்.

ஆனால் காசு கொடுத்துத் தட்டு அடித்துக்கொள்வது ஒன்றும் அதிசயமில்லை. கல்கத்தா டம்டமில் கிராமஃபோன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. தன் பாட்டுகளை மட்டுமில்லாமல், மற்ற லேபிள்காரர்களுடைய தட்டுகளையும் அங்கே அடித்துக்கொடுத்தார்கள். அப்படி அடித்து வாங்கிய வங்காளத்து மெகாபோன் கம்பெனி, தன் தட்டுகளின் வரிசை எண்ணுக்கு முன்னால் ஜே.என்.ஜி. என்று போட்டது. முதலாளி ஜிதேந்திரநாத் கோஷின் தலைப்பெழுத்துகள்! அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனி இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருந்தது. அவர்கள் அடித்த தட்டில் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தே வருஷத்தைச் சொல்லிவிடலாம். ஜி என்றால் 1956, எச் என்றால் 1957. அடுத்த ஐ எழுத்தைத் தாண்டிக் குதித்து, ஜே என்றால் 1958.

எண் எதற்கு? தட்டு பிறக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். முதலில் மெழுகிலோ அரக்குப் பூச்சிலோ பாட்டைக் கோடாகக் கீறுவார்கள். அதன்மேல் உலோகம் ஏற்றி ஓர் எதிர் அச்சு, அதிலிருந்து தாய் அச்சு, தாயிலிருந்து பல அடிக்கும் அச்சுகள். ஆயிரக்கணக்கில் தட்டு அடித்தால் அச்சு தேய்ந்துவிடும், அடுத்தது வேண்டும். லேபிளோ அடிக்கும்போது கடைசியில் வந்து சேர்கிற வெறும் காகிதம். எந்த அச்சு யாருடைய பாட்டு என்று தொழிற்சாலையில் பிரித்தறிய, உலோகத்தோடு ஒட்டிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. எண் தட்டில் குழிந்திருந்தால் பெரும்பாலும் மூலத்திலோ தாயிலோ எழுதியது. புடைத்திருந்தால் அடிக்கும் அச்சில் எழுதியது.

இங்கிலாந்துத் தொழிற்சாலையில் அடிக்கும் அச்சின் எண்ணை எழுத்தாகவே பொறித்தார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4. கிராமஃபோன் என்ற கம்பெனிப் பெயரையும் லிமிடெட்டையும் சுருக்கிப் பத்து எழுத்தாக்கிய சங்கேதம். நம்மூர் ஜவுளிக்கடையில் விலைச்சீட்டின் ஓரத்தில் அடக்க விலையை ஏதோ ஒரு சொல்லின் எழுத்துகளில் குறித்து வைப்பார்களே, அதே சூட்சுமம்தான்.

இதற்கும் முந்தைய காலத்தில் பாடியவரே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டு அடித்தது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கிருந்தவர்களுக்கு நம் பாஷையும் தெரியாது, பாடகியையும் தெரியாது. குரலையே லேபிளாக ஒட்டி அனுப்பியதாகத்தான் எனக்குத் தோன்றும்.

சரி, எங்கள் நான்கு தட்டுகளுக்கு வருகிறேன். மெல்லிய துணியில் தண்ணீர் தொட்டுத் துடைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுத்தேன். வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வாக அடிக்க வேண்டும். எட்டுப் பக்கத்து எண்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, லேபிள் உள்ள தட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பெரியப்பாவின் இரட்டைத் தட்டுகள் இங்கேதான் கைகொடுத்தன. இரண்டு தட்டுகளுக்கு ஜோடி கிடைத்துவிட்டது, இரண்டும் சினிமாப் பாட்டு. மூன்றாவதன் ஜோடி ஸ்ரீரங்கத்தில் தட்டு சேகரிக்கும் நண்பர் வீட்டில் இருந்தது. அதுவும் சினிமாதான்.

நான்காவது எதோடும் சேரவில்லை. பெட்டியில் இருந்த மற்றவற்றில் எண்ணை அச்சுக் குத்தியிருந்தார்கள், இதில் கையால் கீறியிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் அடுத்தடுத்த எண். எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

எழுத்துகளை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போனவர், ஓர் எவர்சில்வர் தூக்கோடு திரும்பி வந்தார். அந்தக் கல்யாணத்தில் மண்டிக்காரர் வீட்டில் கொடுத்தது. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அப்படி அதன் கழுத்தில் அதே இரண்டு எழுத்துகள்! மெகாபோன் கோஷ் செய்ததைத்தான் எங்கள் மண்டிக்காரரும் செய்திருக்கிறார்.

பெரியப்பாவின் பழைய பெட்டியில் போட்டால் முள் உழுதுவிடும் என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரிடம் கனமில்லாத முள் வைத்த பிளேயர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். தூக்கையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார், எதற்கென்று தெரியவில்லை.

முதல் பக்கம் மழை பெய்வதுபோல இரைந்தது, பாதியில் முள் தாவியது. இரண்டாவது பக்கம் பரவாயில்லை. ஜால்ரா, ஹார்மோனியம், நான்கைந்து பெரியவர்களின் குரல், அதற்கு மேலே கீச்சென்று சில பிள்ளைகள்.

"இதுல நீங்க எது அத்தை?"

"அந்த உச்சத்துல போறது கோடி வீட்டு அக்கா. நான் அவளுக்குப் பின்னாடி நின்னேன். என்னுது தனியாத் தெரியலடா." ஏமாற்றமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தட்டு முடிந்ததும் நண்பரைப் பார்த்து, "தம்பி, ஆரம்பத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

முள் மறுபடி இறங்கியது. ஹார்மோனியம் தொடங்குவதற்கு முன்னால், இரைச்சலுக்கு நடுவே யாரோ லேசாகச் செருமும் சத்தம். முதல் தடவை அதை நான் கவனிக்கவேயில்லை.

"அப்பா" என்றார் அத்தை. "இன்னொரு தடவை."