காரமடை கறிவேப்பிலைத் தோட்டத்தில் ஒரு காலை

‘நிழலில்தான் காயப்போட்டோம், அப்படியும் கறிவேப்பிலை கறுத்துப்போகிறதே, ஏன்?’ கேள்வி-பதில் பகுதிக்கு இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மேசையில் உட்கார்ந்து பதில் எழுதுவதைவிட, கறிவேப்பிலையே வெள்ளாமையாக இருக்கும் ஊரில் பார்த்துவிட்டு எழுதலாமென்று காரமடைக்குப் போனேன்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், மேட்டுப்பாளையத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது காரமடை. பக்தர்களுக்கு மாசித் தேரும் அரங்கநாதர் கோயிலும். நமக்கு செங்காம்பு கறிவேப்பிலை. கிளைச்சாலையில் திரும்பினால், கவாத்து செய்த செடிகள் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. பஸ் ஜன்னலிலேயே வாசம் வந்துவிடுகிறது. விடியற்காலையில் அறுத்து, கட்டுப்போட்டு, ஈரச்சாக்கு போர்த்தி வண்டி ஏற்றுகிறார்கள். கேரளாவுக்கும் நிறையப் போகிறது.

நான் நின்ற தோட்டம் ஒரு ஏக்கர். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். “மழை பேஞ்சா தழை நல்லா வருதுங்க சார், ஆனா எல்லாத் தோட்டத்துலயும் ஒண்ணா வருதே! போன அறுப்புக்குக் கேட்ட விலை ஆள் கூலிக்கே கட்டலைங்க. செடியில விட்டா முத்திப்போகுது. அதான் காயவெச்சுப் பொடி பண்ணலாம்னு மருமக சொல்லுது” என்றார்.

முதலில் காயவைத்த இலையைக் காட்டினார். கருப்பு. மழை ஈரத்தோடு அறுத்து, ராத்திரி முழுக்கச் சாக்கில் அடைத்து வைத்திருந்தது. கடிதம் எழுதிய பலருக்கும் பதில் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. குவித்து வைத்த தழை தானே சூடாகும். கசங்கிய இடமெல்லாம் கறுக்கும். அதற்குப் பிறகு நிழலில் போட்டுப் பயனில்லை.

“பனி உலர்ந்த பிறகு அறுங்கக்கா. கழுவுவதானால் உடனே கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, காம்பை உருவி, ஒரே அடுக்காகப் பரப்புங்க” என்றேன். தரையில் வேண்டாம். நிழல்வலையைக் கட்டில்போல உயரத்தில் இழுத்துக் கட்டினால் அடியிலும் காற்று ஓடும். நேர்வெயில் பட்டால் பச்சை வெளுத்து வாசமும் போய்விடும். உலர்த்தி இருந்தால் 50 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். கையில் நொறுக்கினால் சத்தத்தோடு உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இலையாகவே காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பொடி சீக்கிரம் வாசம் இழக்கும். வேண்டும்போது அரைப்பதே நல்லது.

கணக்கையும் அங்கேயே போட்டோம். 10 கிலோ கட்டில் காம்பு போனால் ஆறேழு கிலோ இலை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈரம். கடைசியில் நிற்பது இரண்டு, இரண்டரை கிலோ. ஆக, காய்ந்த இலைக்குப் பச்சைக்கட்டு விலையைப்போல நாலரை மடங்காவது கிடைத்து, அதற்கு மேல் கூலியும் வந்தால்தான் லாபம். விலை நன்றாக இருக்கும் நாளில் பச்சையாக விற்பதே புத்திசாலித்தனம்; விழுந்த நாளுக்குத்தான் உலர்த்தல்.

இன்னொன்று. காயும்போது போவது தண்ணீர்தான், தெளித்த மருந்து அப்படிப் போய்விடாது. எடை குறையக் குறைய அதன் செறிவுதான் கூடும். காத்திருப்புக் காலம் முடியாத தழையைப் பொடியாக்கி விற்கவே கூடாது. கடையில் வாங்கிய தழையானால், புளிக்கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

வரப்போரத்தில் புதினாவும் கொத்தமல்லியும் இருந்தன. “இதையும் காயப்போடலாங்களா?” என்றார். புதினா தாராளமாகக் காயும், மணமும் நிற்கும். கொத்தமல்லித்தழை வேண்டாம், காய்ந்தால் வைக்கோல் மாதிரிதான். வேரோடு பிடுங்கி, கழுவாமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதிகம் இருந்தால் அரைத்து, ஐஸ் தட்டில் உறையவிட்டு, குழம்புக்கு ஒவ்வொரு கட்டியாகப் போடலாம். திருநீற்றுப்பச்சிலையை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், கறுத்துவிடும். தண்ணீர் ஊற்றிய டம்ளரில் நிறுத்தினால் போதும்.

பச்சைத்தழையையும் பூண்டையும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் மாதக்கணக்கில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு நுண்ணுயிரியின் நஞ்சு உயிருக்கே ஆபத்து. நாற்றமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. அன்றன்றைக்குத் தாளிக்கிற எண்ணெய்க்கு இந்தப் பயமில்லை.