அறுபது சென்ரிமீற்றர் இடைவெளி

எங்கள் காருக்கு ஆறு வயது. அதன் இடது பக்கப் பின்கதவில் மட்டும் ஐந்து அடையாளங்கள் இருக்கின்றன. கொஞ்சம் பழகினால் ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று சொல்லிவிடலாம். விரல்நுனி அகலத்தில் மேலிருந்து கீழாக ஒரு சின்ன நெளிவு என்றால் அது பக்கத்துக் காரின் கதவு விளிம்பு. கொஞ்சம் உயரத்தில் இருந்தால் பக்கத்தில் நின்றது உயரமான எஸ்.யூ.வி. வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் பதறவேண்டாம். பல நேரம் எங்கள் பெயின்ற் போயிருக்காது, மற்றக் காரின் பெயின்ற்தான் ஒட்டியிருக்கும். பொலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நகத்தால் ஒருக்கா தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் கீறல் ஆழம். அதை மாரிகாலம் வரைக்கும் விட்டுவைக்கக்கூடாது, ஏனென்றால் ரோட்டில் கொட்டுகிற உப்பு கீறலுக்குள் போய் வேலையைக் காட்டும்.

இந்த ஐந்தில் மூன்று, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கார் பார்க்கில் கிடைத்தவை. உங்களுக்கும் அந்தக் காட்சி தெரிந்ததுதான். வாடகைக்கு எடுத்த பெரிய பள்ளிக்கூடம், ஒன்பதரைக்கு வகுப்பு, ஒன்பது இருபத்தெட்டுக்கு எல்லாக் காரும் ஒரே கேற்றால் நுழையும். பின் சீற்றில் பிள்ளையள் ஏற்கெனவே பெல்ற்றைக் கழற்றிவிட்டார்கள். கார் நின்றதும் நிற்காததுமாகக் கதவு பறக்கும். மாசி மாதத்துக் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பிள்ளைகளைப் பேசுவதற்கு முதல் ஒரு கணக்குப் பார்ப்போம். இந்த நாட்டில் கார் நிறுத்தும் கட்டம் ஒன்றின் வழக்கமான அளவு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். பல பத்தாண்டுகளாக இதுதான். 1959இல் வந்த முதல் மினி காரின் அகலம் 1.41 மீற்றர். அப்படி இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நடுவாக நின்றால் இடையில் ஒரு மீற்றர் கிடைக்கும். கதவை நன்றாக விரித்துவிட்டு நின்று கதைக்கவே இடம் இருந்திருக்கும். இப்போது? 'ட்ரான்ஸ்போர்ட் அண்ட் என்வைரன்மென்ட்' என்ற அமைப்பு 2024 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பாவில் விற்பனையாகும் புதுக் கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்ரிமீற்றர், 2023இன் முதல் பாதியில் 180.3 சென்ரிமீற்றர். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கூடுகிறது. கண்ணாடிகளைச் சேர்க்காமல் பார்த்தாலே இரண்டு காருக்கு நடுவில் மிஞ்சுவது அறுபது சென்ரிமீற்றர்தான். இரண்டும் எஸ்.யூ.வி. என்றால் அதுவும் இல்லை. கோடு மாறவில்லை, கார்தான் கொழுத்துவிட்டது.

அந்த அறுபது சென்ரிமீற்றருக்குள் ஒரு பத்து வயதுப் பெடியன் நெளிந்து வெளியே வந்துவிடுவான். என் அம்மாவால் முடியாது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. காரை விட்டு இறங்கவேண்டும் என்றால் முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைச் சீற்றில் ஊன்றி எழும்பவேண்டும். அதற்குக் கதவு முழுதாகத் திறபடவேண்டும். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது, அவர் பிடித்து எழும்பிய கதவு பக்கத்துக் காரில் பட்டுவிட்டது. கீறல்கூட இல்லை, விரலால் துடைக்கப் போய்விட்டது. ஆனால் காருக்குள் இருந்த ஆள் இறங்கி வந்து, "வயசு போன ஆக்களைப் பாத்து இறக்கத் தெரியாதோ?" என்று எல்லாரும் பார்க்கச் சத்தம் போட்டார். அம்மா இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். கோயில் வாசலில், ஒரு காருக்கு முன்னால்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கால் கூட நோகத் தொடங்கியது. "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டிலேயே விளக்குக் கொளுத்துறன்" என்பார். நாங்களும் முழங்கால்தான் என்று நினைத்தோம். கடைசியில் என் மகள்தான் கேட்டுக்கொண்டு வந்தாள்: "அம்மம்மாவுக்கு டோர் அடிபடும் எண்டு பயமாம், அதுதான் வாறாவில்லையாம்."

காரைக் காப்பாற்றுவது பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கடையில் விற்கிற பொருட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு விளிம்பில் மாட்டுகிற ரப்பர் நல்லது. விலையும் குறைவு. அது எங்கள் விளிம்பையும் பக்கத்துக் காரையும் காப்பாற்றும், ஆனால் அடுத்தவர் கதவு எங்கள் கதவின் நடுவில் மோதுவதைத் தடுக்காது. வெளியே ஒட்டுகிற காந்தப் பட்டி எனக்குப் பிடிக்கவில்லை. அலுமினியக் கதவில் ஒட்டாது, ஒட்டுகிற கதவிலும் அடியில் மண் இருந்தால் அதுவே கீறும். வீட்டுக் கராஜ் ஒடுக்கம் என்றால், பிள்ளைகள் நீந்தப் பழகும் நீளமான நுரைக் குழாயை நெடுகப் பிளந்து, கதவு படுகிற உயரத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். (கராஜில் அரிசி மூட்டையும் இரண்டாவது ஃப்ரீஸரும் இல்லாமல் கார் நிற்கிற வீடு யாருக்காவது இருந்தால்.)

உண்மையில் பலன் தந்தது ஒன்றே ஒன்று: ஆட்களை இறக்கிவிட்டுத்தான் காரைக் கட்டத்துக்குள் விடுவது. கேற்றுக்குப் பக்கத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிறுத்தி, அம்மாவும் பிள்ளைகளும் நடைபாதைப் பக்கமாக இறங்கியபின் நான் தனியே போய் நிறுத்துவேன். அப்போது திறக்கவேண்டியது ஓட்டுநர் கதவு ஒன்றுதான். இடது பக்கம் சுவரோ தூணோ உள்ள கடைசிக் கட்டம் கிடைத்தால் அதை ஒட்டினாற்போல விடலாம். வலது பக்கம் எனக்கும் பக்கத்துக் காருக்கும் தாராளமாக இடம் வரும். தூரத்தில், வெறுமையாக இருக்கிற மூலையில் நிறுத்தி நடந்து வருவதும் நல்லதுதான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். இரண்டு கதவுக் கார்களின் கதவு நீளம் கூட, அதற்கு அதிக இடம் வேண்டும். பின் சீற்றில் பிள்ளை இருக்கை தெரிந்தால், இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அந்தக் கதவும் பறக்கப்போகிறது என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு நாங்கள் வைத்த சட்டம், அம்மாவோ அப்பாவோ சொல்லும்வரை கதவில் கை வைக்கக்கூடாது என்பது. சின்னவளின் பக்கம் இன்னமும் சைல்ட் லொக் போட்டிருக்கிறோம். பின்கதவின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன நெம்பைப் பலர் ஒருநாளும் தொட்டிருக்கமாட்டார்கள். பெரியவனுக்கு, கதவுக்குத் தூரமான கையால் திறக்கப் பழக்கினோம். இடது கதவு என்றால் வலது கை. உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும், கதவும் ஒரேயடியாக விரியாது. நெதர்லாந்தில் இருந்து வந்த பழக்கம் என்று 'டச் ரீச்' என்கிறார்கள். 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட்டிலும், முடிந்த இடத்தில் இப்படித் திறக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே நோக்கம் சைக்கிள்காரரின் உயிர். லண்டன் தெருவில் அது பெயின்றைவிடப் பெரிய விஷயம்தானே.

பட்டுவிட்டால் என்ன செய்வது? பெயின்ற் உடையாத சின்ன நெளிவை, பின்பக்கத்தால் கம்பி விட்டு மெல்ல மெல்லத் தள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் பெயின்ற் தேவையில்லை, செலவும் குறைவு. காப்புறுதிக்குப் போனால் நாங்கள் கையால் கட்டவேண்டிய தொகையே திருத்தச் செலவைவிடக் கூட வரலாம். ஆனால் பணம் கேட்காவிட்டாலும் நடந்ததை அறிவிக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் பல உண்டு, வாசித்துப் பாருங்கள். காரை எடுக்கும்போது நிற்கிற காரில் உரசிச் சேதமாக்கிவிட்டு மெல்ல நழுவுவது குற்றம். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 170ஆம் பிரிவின்படி நிற்கவேண்டும், விபரம் கொடுக்கவேண்டும். கொடுக்க ஆள் இல்லையென்றால் இயன்ற விரைவில், எப்படியும் 24 மணித்தியாலத்துக்குள், பொலிசில் சொல்லவேண்டும். பொதுமக்கள் வந்துபோகிற கார் பார்க்குக்கும் இது பொருந்தும்.

எங்கள் கதவில் இருக்கிற ஐந்துக்கும் ஒருத்தரும் துண்டு எழுதி வைக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையைக் கூப்பிக்கொண்டு நின்ற அம்மாவை நினைத்தால், அந்த ஐந்தில் ஒன்று இன்னொரு அம்மம்மா எழும்பும்போது பட்டதாக இருக்கலாம் என்றும் தோன்றும். அவருடைய மகளைக் கூப்பிட்டு நான் என்னத்தைக் கேட்பது?

இப்போது நாங்கள் செய்கிற காரியம் புளூ பாட்ஜ் விண்ணப்பம். எங்கள் ஆட்களில் பலருக்கு அதில் ஒரு வெட்கம் இருக்கிறது, "நான் என்ன நடக்கமாட்டாத ஆளோ" என்று. நடப்பதில் பெரும் சிரமம் உள்ளவர்கள் கவுன்சிலிடம் கேட்கலாம், இங்கிலாந்தில் கூடியது 10 பவுண்தான். 2019 ஓகஸ்டில் இருந்து வெளியே தெரியாத இயலாமைகளுக்கும் கிடைக்கிறது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனியுங்கள். அந்தக் கட்டங்களில் வழக்கமான அகலத்துக்குப் பக்கத்தில் 1.2 மீற்றர் கோடு போட்ட இடம் விட்டிருப்பார்கள். கதவு முழுதாகத் திறக்கும்.

படிவம் பாதி நிரப்பியாகிவிட்டது. படம்தான் மிச்சம். நல்ல சேலை கட்டித்தான் எடுக்கவேணும் என்று அம்மா இரண்டு கிழமையாகப் பின்போடுகிறார்.