ஹாங் 10-ம் கரகாட்டமும்

பி-பாய் வீடியோவை வாய் பிளந்து பார்ப்பவரா நீங்க? ஆடி மாசம் கங்கைகொண்டான் பக்கம் ஒரு அம்மன் கொடைக்கு வாங்க பாஸ். நெல்லைக்கு வடக்கே, சிப்காட்டும் புள்ளிமான் சரணாலயமும் இருக்கிற அதே ஊர்தான்.

பிரேக்டான்ஸ் பிறந்தது 1970-களில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில். ஜெர்மனியில் 1990-ல் ஆரம்பிச்ச ‘பேட்டில் ஆஃப் தி இயர்’ அதை குழுப் போட்டியாக்கியது. கொரியாவின் ஹாங் 10, ஃப்ரீஸில் கில்லி. ‘ரெட்புல் பி.சி. ஒன்’ பட்டத்தை 2006, 2013, 2023-னு மூணு தடவை அடிச்சவர். ஜப்பானின் ஆமிக்கு கால்வேலைதான் பலம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் தங்கம்!

அங்கே ஒன்பது நடுவர்கள். என்ன பாட்டு வரும்னு டி.ஜே.க்குத்தான் தெரியும், ஆடுறவர் அந்த நொடியில் பிடிச்சுக்கணும். கொடையில் கதையே வேற. நையாண்டி மேளத்தின் தவில்காரர் கரகாட்டக்காரரின் காலைப் பார்த்து அடிக்கிறார். கால் வேகமெடுத்தா பம்பையும் பறக்கும். கரகம் தலையில் அசையாம நிற்க, அப்படியே பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பாங்க. இதுக்கு ஒலிம்பிக்கில் எத்தனை மார்க் போடுவாங்களோ!

இங்கே நடுவர், சுத்தி உட்கார்ந்திருக்கிற ஊர். அதில்தான் சிக்கலும். ஊசி எடுக்கும்போது பேசிக்கிட்டிருந்துட்டு, சினிமா குத்துப்பாட்டுக்கு மட்டும் விசில் அடிச்சா, பிழைப்புக்காக அவங்களும் அதைத்தான் ஆடுவாங்க. விசில் அடிக்கிறது பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்கதான்.

வந்தா முன்வரிசையில் உட்காருங்க. பின்னாலிருந்து ஊசி தெரியாது.