அந்த 8-ஐ யார் எழுதுவது?

பதிவு கொஞ்சம் நீளம். கணக்கு வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். வெறும் விடையை எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறையும் காட்ட வேண்டும் என்று முப்பது வருடம் சொல்லிப் பழகிவிட்டேன்.

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேத்தியும் பேரனும் பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மதிய வெயிலில் வெளியே விட முடியாது. நான் வழக்கம்போலத் தாயக்கட்டையை எடுத்தேன். பேத்தி தன் பையிலிருந்து இருபது முகம் கொண்ட ஒரு பகடையை எடுத்து வைத்தாள். "இன்னைக்கு என் ஆட்டம் தாத்தா" என்றாள்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. கட்டமும் காயும் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்லி நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் இப்படிச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் தெருக்கூத்துதான். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நிற்பார். கட்டியங்காரன் "யாரப்பா நீ, எந்த நாடு, என்ன பேர்?" என்று கேட்பான். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு சபைக்கு வருவார். இங்கே என் பேத்திதான் கட்டியங்காரன். "உங்க ஆளு யாரு தாத்தா?" என்று ஒரு தாளை நீட்டினாள்.

அந்தத் தாளில் ஆறு குணங்கள். வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். அவற்றுக்கு நிரப்ப ஆறு எண்கள் கொடுத்தாள்: 15, 14, 13, 12, 10, 8. எதை எதற்குப் போடுவது என்பது நம் விருப்பம். பகடை உருட்டியும் எண்களை எடுக்கலாமாம். நான்கு பகடை உருட்டிச் சிறியதை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்ட வேண்டும். பேரனுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு முதல் வழிதான் பிடித்தது. எல்லாருக்கும் கூட்டுத்தொகை 72. யாரும் யாரையும் விட ஒரு புள்ளி கூடுதலாகக் கொண்டு வரவில்லை. தாயத்திலும் அப்படித்தானே? காயை இறக்க எல்லாருக்கும் தாயம் விழ வேண்டும். 16-க்கு 2 வாய்ப்பு, அதாவது எட்டில் ஒன்று. ஊர்க்கவுண்டர் ஆனாலும், மாடு மேய்க்கிறவர் ஆனாலும் அதே எட்டில் ஒன்றுதான்.

நான் காவலாளி ஒருவனை எடுத்துக்கொண்டேன். கையில் ஈட்டி. 15-ஐ வசீகரத்தில் போட்டேன். 8-ஐ வலிமையில் போட்டேன். பேத்தி சிரித்துவிட்டாள். "காவலாளிக்கு வலிமைதான் தாத்தா முக்கியம். வசீகரம் எதுக்கு?"

"அவனுக்கு நல்லாப் பேச வரும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு அவளிடம் இந்த ஆட்டத்தின் பழைய விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வாத்தியாருக்கு அதில் நிறையச் செய்தி இருக்கிறது.

1974-இன் முதல் விதிப்படி டுவார்ஃப் எனப்படும் குள்ள இனத்தவர் போர்வீரர் மட்டுமே ஆகலாம். அதிலும் 6-ஆம் படிக்கு மேல் ஏற முடியாது. மனிதருக்கு அந்த வரம்பு இல்லை. எத்தனை ராத்திரி ஆடினாலும், எத்தனை பேயை வென்றாலும் 6-ஆம் படியோடு சரி. 1978-இல் வந்த புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் வலிமைக்கு ஆண்களை விடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது பேத்தியின் முகம் சிவந்துவிட்டது. அது பிறகு நீக்கப்பட்டது. இனத்துக்கு இனம் இருந்த படி வரம்பு 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் போனது. ஆனால் அதே பதிப்பில் 'அரை ஓர்க்' என்ற இனத்துக்கு வலிமையில் 2 கூட்டி, அறிவில் 2, வசீகரத்தில் 2 குறைத்தார்கள். 2014-இல் வந்த புத்தகத்தில் குறைப்பு இல்லை, கூட்டல் மட்டும் இருந்தது. எல்ஃபுக்குச் சுறுசுறுப்பில் 2, டுவார்ஃபுக்குத் தாங்கும் சக்தியில் 2 என்று.

"ரெண்டு புள்ளிதானே, என்ன பெரிசு?" என்று என் மனைவி கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். குணத்தில் 2 கூடினால் பகடையோடு சேர்க்கும் எண்ணில் 1 கூடும். இருபது முகத்தில் ஒன்று என்பது நூற்றுக்கு 5. ஒரு வீச்சில் பெரிதாகத் தெரியாது. ஒரு ராத்திரிக்கு அறுபது வீச்சு என்றால் மூன்று வீச்சில் முடிவு மாறும். அந்த மூன்றில் ஒன்று, வெள்ளம் போகும் ஆற்றைத் தாண்டும் வீச்சாக இருந்தால்? கிராமத்துப் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயார் செய்த எவருக்கும் இந்த 5 சதவீதம் என்னவென்று தெரியும்.

2024-இல் வந்த புதிய புத்தகத்தில் இதை மாற்றிவிட்டார்கள். இனம் என்பதைக் குறித்த 'ரேஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். கூடுதல் புள்ளி இப்போது பிறப்பில் இல்லை, வளர்ந்த பின்னணியில் இருக்கிறது. விவசாயி, வணிகர், மாலுமி, எழுத்தர், காவலாளி என 16 பின்னணிகள். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லையாம். எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் எல்ஃபுக்கும் ஓர்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்களாம். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேஷத்துக்கு வேஷம் வித்தியாசம் வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டால் கூத்து ஏது? ஆனால் இருட்டில் கண் தெரிவது ஒரு வித்தியாசம். அறிவில் குறை என்று எழுதுவது வேறு. முன்னது வேஷம், பின்னது தீர்ப்பு.

மாற்றம் நல்லது என்பதே என் கட்சி. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். விவசாயி பின்னணிக்கு வலிமை, தாங்கும் சக்தி, விவேகம் ஆகிய மூன்றில்தான் புள்ளி கூட்டலாம். விவேகத்தைச் சேர்த்ததற்குச் சந்தோஷம். அறிவு அந்தப் பட்டியலில் இல்லை. என் அப்பா பள்ளிக்கூடம் பார்க்காதவர். கேழ்வரகுக் கொல்லையில் நின்றபடியே வட்டிக் கணக்கை மனதில் போட்டுச் சொல்வார். அவருக்கு எந்தக் கட்டத்தில் போடுவது?

இன்னொன்று. அமெரிக்காவில் தொழில் வேறு, பிறப்பு வேறாக இருக்கலாம். நம் ஊரில் "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பவர் பாதி நேரம் கேட்பது வேறொன்றை. பிறப்பிலிருந்து எடுத்துத் தொழிலில் வைத்தால் நம்மிடம் அது சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "புதுப் பின்னணி நாமளே உருவாக்கிக்கலாம்னு டன்ஜன் மாஸ்டர் புத்தகத்துல வழி இருக்கு தாத்தா. ஆனா ஒண்ணு, ஆளை ஆடுறவங்கதான் எழுதணும். நான் கதைதான் சொல்லலாம், உங்க தாளைத் தொடக் கூடாது" என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் பிறர் தாளைத் தொட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கர்ணன் நாடகம் போட்டேன். வில்வித்தை அரங்கில் கிருபர் கர்ணனைப் பார்த்துக் குலம் கேட்கிறாரே, அந்தக் காட்சி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா கூத்தில் வேஷம் கட்டுகிறவர். கர்ண மோட்சம் முழுவதும் அவனுக்குப் பாடம். குரலும் கணீரென்று இருக்கும். ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து, "சார், நான் கர்ணன் போடட்டுமா?" என்று கேட்டான்.

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். கறுத்த ஒல்லி உடம்பு, எண்ணெய் காணாத தலை. "உனக்குக் காவலாளிதான்டா பொருந்தும்" என்று ஒரு ஈட்டியைக் கொடுத்தேன். கர்ணன் வேடத்தைச் சிவப்பாக, 'எடுப்பாக' இருந்த இன்னொரு பையனுக்குக் கொடுத்தேன். அவன் பாதி வசனத்தை மறந்தான். மறந்த இடங்களில் எல்லாம் இந்தப் பையன்தான் ஈட்டியைப் பிடித்துக்கொண்டே மெல்ல எடுத்துக் கொடுத்தான். மேடையில் "உன் குலம் என்ன?" என்ற கேள்வி எழுந்தபோது அவன் கேட்டவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அன்று நான் கைதட்டு வாங்கினேன்.

கூத்தில் இப்படிப் பார்க்க மாட்டார்கள். பகலில் மண்வெட்டி பிடிக்கிறவர் ராத்திரி கட்டை வேஷம் கட்டினால் அவர்தான் கர்ணன். மீசையை மழித்துவிட்டு வருகிற ஆண்பிள்ளைதான் திரௌபதி. கேட்பது ஒன்றுதான்: பாட்டு வருமா, அடவு வருமா? படிக்காதவர்கள் என்று நாம் சொல்கிறவர்களிடம் இருந்த விதி, பட்டம் வாங்கிய என்னிடம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து கையைப் பிடித்தார். அவன்தான். பக்கத்தில் வளர்ந்த மகன். "இவருதான்டா எங்க கணக்கு சாரு. நாடகத்துல எனக்கு ஈட்டி கொடுத்தவரு" என்று அறிமுகம் செய்தான். குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். சேலம் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது தொப்பூர் தாண்டிய பிறகுதான்.

இப்போது புரிந்திருக்கும், என் காவலாளிக்கு ஏன் 15 வசீகரம் என்று.

எல்லாருக்கும் எங்கோ ஒரு 8 உண்டு. அது குறையல்ல, ஆட்டத்தின் விதி. பேத்தி தன் 8-ஐ விவேகத்தில் போட்டு, அவசரக்குடுக்கையாக ஒரு பெண்ணை உருவாக்கி வைத்திருக்கிறாள். அவளை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அந்த 8-ஐ எங்கே எழுதுவது என்பதை அந்தப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும். நிறத்தைப் பார்த்து, அப்பன் தொழிலைப் பார்த்து, உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்து நாம் எழுதக் கூடாது. "இவனுக்குக் கணக்கு வராது" என்று ஆசிரியர் அறையில் நாம் போகிற போக்கில் சொல்வதும் எழுதுவதுதான்.

இன்றும் பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருட ஆண்டு விழாவில் வேடங்களைப் பிரிக்கும் முன், பிள்ளைகளையே ஒரு முறை கேளுங்கள். ஒரே வேடத்துக்கு நான்கு பேர் வந்தால் நால்வரையும் வசனம் பேசவிட்டுப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் தாயக்கட்டையை உருட்டுங்கள். என் கண்ணை விட அது நியாயமாகப் பார்த்திருக்கும்.

அந்த மாணவனின் ஊர் எனக்குத் தெரியும். ஆடி மாதக் கூத்துக்கு அங்கே போகலாம் என்றிருக்கிறேன். பேத்தியும் வருகிறேன் என்கிறாள்.