முன்பாரம்

அக்காள் மகன் டெக்சாஸில் இருக்கிறான். சென்ற ஆண்டு பழைய இழுவை வீடு ஒன்றை விலைக்கு வாங்கினான். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய முப்பதடிப் பெட்டி. அதன் மூக்கைத் தன் பிக்கப் லாரியின் முதுகில் மாட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறான். இவ்வகைக்கு அங்கே ‘ஃபிஃப்த் வீல்’ என்று பெயர். ஐந்தாவது சக்கரம் என்று எதுவும் அதில் கிடையாது. குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். அதன் பெயர்தான் பின்னாளில் இந்த இணைப்புக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பழுதுகளையெல்லாம் அவனே பார்க்கிறான். (அங்கே கூலி கொடுத்து மாளாது என்பது அவன் சொல்லும் காரணம், தாத்தாவின் கை அவனுக்கு வாய்த்திருக்கிறது என்பது அக்காளின் கட்சி.) கூரையின் ரப்பர் விரிப்பு ஒழுகியபோது பசை பூசி அடைத்தான். பிறகு ஒருநாள், சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, உள்ளங்கையில் கிரீஸைக் குவித்து, உருளைகளுக்கிடையே அது பிதுங்கும்வரை அழுத்தித் திணிக்கும் காணொளி ஒன்றை அனுப்பினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு விளக்கெண்ணெய் வாசனை வந்தது.

சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கூண்டு வண்டி இருந்தது. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து நைனா வண்டி மை செய்வார். (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்.) கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை ஓரடி வெளியே இழுத்து, அச்சில் மையை விரலால் வழித்துப் பூசுவார். ஆரக்கால்கள் ஆட்டம் கண்டால் பட்டா கழற்றி மாட்டும் வேலை. சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறுகலாக அடித்த இரும்புப் பட்டையை வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும் வேகத்தில் வட்டைகளும் ஆரக்கால்களும் முனகிக்கொண்டு ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அந்த முனகலைக் கேட்க ஊர்ச் சிறுவர்கள் அத்தனைபேரும் கூடிவிடுவோம்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போவது அந்த வண்டியில்தான். வளத்தி வழியாக ஒரு பகல் பயணம். இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு வண்டிக்கடியில் சமைத்துச் சாப்பிட்டு, கூண்டுக்குள் உறங்கி, விடியலில் திரும்புவோம்.

1984இல் நைனா வண்டியை மேம்படுத்த முடிவு செய்தார். அது அப்படிப்பட்ட காலம். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டிகளைத் திருத்தியமைக்க வேண்டும், நுகத்தடி மாட்டின் கழுத்தை வதைக்கிறது என்று விடாமல் பேசிவந்தார். நைனாவுக்கு அதெல்லாம் தெரியாது. டயர் வண்டிகள் ஓசையில்லாமல் போவதைக் கண்டு ஆசைப்பட்டார், அவ்வளவுதான். மரச் சக்கரங்கள் போய் டயர்கள் வந்தன. பாய் வேய்ந்த கூண்டு தகரமாயிற்று. வண்டியோட்டி உட்காரும் இடத்தின்கீழ் அடுப்பு, பாத்திரம், அரிசி வைக்கப் பலகைப்பெட்டி ஒன்றைத் தாமே இழைத்துப் பொருத்தினார். டயரின் உயரம் குறைவாதலால் வண்டி பின்பக்கம் சாய்ந்தது. அதைச் சரிக்கட்ட அச்சை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளித் துளையிட்டு முடுக்கினார். வண்டி சமமாக நின்றது. ஊரே வந்து பார்த்தது. அம்மா திருஷ்டி கழித்தாள்.

அந்த மாத அமாவாசைக்குப் போய்த் திரும்பும் வழியில், ஓர் இறக்கத்தில், இடப்பக்கத்துச் செவலை நின்றுவிட்டது. அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்து நுகத்தடியை இறக்கியபோது கழுத்தில் உள்ளங்கையளவு வீங்கித் தோல் கிழிந்திருந்தது.

எங்கள் ஊர்க் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரைப் பற்றி ஒரு கதை உண்டு. போருக்குப் புறப்பட்ட தேசிங்குராஜா விடைபெற வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். புரிந்துகொள்ளாமல் போனான், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்தான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துச் செவலையின் கழுத்தில் தடவிக்கொண்டே நைனா சொன்னார்: “இது திருப்பிக்கிச்சே, எனக்கும் புரியலையே.”

மறுநாள் அவர் செய்ததை நான் மறக்கவில்லை. மாடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு, நுகத்தடியின் நடுவில் தாமே குனிந்து பிடரியைக் கொடுத்தார். எங்களை வண்டியில் ஏறச் சொன்னார். முதலில் அம்மா, பிறகு அக்காள், பிறகு நான். பலகைப்பெட்டியில் அரிசி மூட்டை. அவர் முழங்கால் மடங்கி மண்ணில் ஊன்றியது. அம்மா அலறிக்கொண்டு இறங்கினாள். “ஏறு” என்றார் நைனா. மூட்டையைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். இன்னும் கொஞ்சம். பிறகு எங்களை. ஒரு கட்டத்தில் நுகத்தடி மேலே எழும்பிவிட, “இது பின்பாரம், பூட்டாங்கயிறு தொண்டையை அறுக்கும், முன்னே வா” என்றார். அன்று மாலைவரை அது நடந்தது. அடுத்த நாள் அச்சை அரைச்சாண் முன்னுக்குக் கொண்டுவந்தார். பலகைப்பெட்டியைக் கழற்றிப் பின்பக்கம் அடியில் தொங்கவிட்டார். செவலையை அதன்பின் வண்டியில் பூட்டவில்லை, சந்தைக்கும் ஓட்டவில்லை. அது எங்கள் தொழுவத்திலேயே கிடந்து கிழமாகிச் செத்தது.

அக்காள் மகன் கடைசியாக அனுப்பிய படத்தில் இழுவை வீட்டின் மூக்கறைக்குள் நான்கு பெரிய பேட்டரிகளும் ஒரு ஜெனரேட்டரும் புதிதாக உட்கார்ந்திருந்தன. லாரியின் பின்புறம் தாழ்ந்து முகப்பு சற்றே வானம் பார்த்திருந்தது. அழைத்துக் கேட்டேன். அந்த இழுவையின் மொத்த எடையில் பதினைந்து முதல் இருபத்தைந்து சதவீதம்வரை லாரிமேல் விழலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குறைந்தால் பின்னே வீடு பாம்பாய் ஆடும், கூடினால் லாரியின் பின் அச்சு வதைபடும். “எவ்வளவு விழுதுன்னு பார்த்தியாடா?” என்றேன். “பார்க்கல மாமா. நல்லாத்தானே இழுக்குது” என்றான்.

செவலையின் கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றிரவு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. நெடுஞ்சாலையோர எடைமேடையில் வண்டியை ஏற்றி எடுத்த சீட்டின் படம், கீழே ஒரு வரி: “முன்பாரம்தான் மாமா. பேட்டரியைப் பின்னே மாத்துறேன்.”